கறளுக்கு மேல் பெயின்ட் பூசினால் நஷ்டம் யாருக்கு?

பெருநாளைக்கு முந்திய கிழமை என்றால் எங்கள் கராஜில் கால் வைக்க இடமிருக்காது. பெருநாளன்று வாகனம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். பல வருடங்களுக்கு முன்னர், வாப்பாவிடமிருந்து கராஜைப் பொறுப்பேற்ற புதிதில், அப்படியொரு கிழமையில்தான் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தனது மொறிஸ் மைனரைக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்பக்க மட்கார்டில், கதவுக்குப் பக்கத்து விளிம்பில், சுண்டுவிரல் நகமளவில் இரண்டு கொப்புளங்கள்.

"பெருநாளைக்கு முந்தித் தர ஏலுமா தம்பி?" என்று கேட்டார்.

"ஏலும் சேர்" என்றேன்.

கிரைண்டரை வைத்துக் கொப்புளத்தைத் தட்டினோம். உள்ளே தகரம் பொரிந்துபோயிருந்தது. அதைப் பார்த்த டிங்கர் பாஸ் என் முகத்தைப் பார்த்தார். நேரமில்லை என்று கைகாட்டினேன். கராஜ்களில் கெட்டலோய் என்று சொல்லும் புட்டியை வைத்து நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்து ஆறாவது நாள் கொடுத்துவிட்டோம். சேர் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இரண்டு கொப்புளம் இருந்த இடத்தில் பதினொன்று இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "தம்பி, உள்ளுக்குக் கறள் ஈக்கிறது உங்களுக்கு அண்டைக்கே தெரியுமா?"

"இந்தக் கடல் காத்துக்கு எல்லா வாகனமும் இப்படித்தான் சேர்" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலுமில்லை. மீண்டும் இலவசமாகச் செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாகனத்தை எடுத்துக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. பழைய கார் வைத்திருக்கும் அவரது நண்பர்களும் வரவில்லை.

அதன் பின்னர்தான் கறள் எடுக்கும் வேலையை நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். இன்று எங்கள் கராஜின் வருமானத்தில் பெரும்பங்கு பழைய கார்களின் பொடி வேலையிலிருந்தே வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். கராஜ் நடத்துவோர், பெயின்ட் மற்றும் உதிரிப்பாகக் கடைக்காரர்கள், வாகனம் வாங்கி விற்போர் ஆகிய மூன்று தரப்பினருக்கும் பயன்படும் என்பதால் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

பழைய காருக்கு மதிப்பு வந்த கதை

2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடங்களில் வீட்டுக் கொட்டிலில் படுத்துக் கிடந்த பழைய கார்களையெல்லாம் சனங்கள் தட்டி எழுப்பினார்கள். பழைய கார் என்பது வெறும் ஏழையின் வாகனம் என்ற எண்ணம் மாறியது. இறக்குமதி திறந்த பின்னரும், மொறிஸ் மைனர், ஒஸ்டின், வொக்ஸ்வேகன் பீட்டல் போன்றவற்றை ஆசைக்காக வைத்திருப்போர் குறையவில்லை.

இதில் இலங்கைக்கு ஒரு பெருமையும் உண்டு. மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 16 இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. உற்பத்தி நின்று பல வருடங்கள் கழிந்த பின்னர், 1990களில், பிரித்தானியாவின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திவந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து இந்தக் காருக்கான பாகங்களை இங்கே தயாரிக்க முன்வந்தார். கையால் தகரம் அடிக்கும் நமது பாஸ்மாரின் திறமைதான் அதற்குக் காரணம். பிரித்தானியக் காருக்கு இலங்கைத் தகரம் போனது. திறமைக்கு நம்மிடம் என்றும் குறைவில்லை. குறை எல்லாம் தகரத்துக்கும் பெயின்டுக்கும் இடையில் நாம் செய்யும் அவசரத்தில்தான்.

கொப்புளம் சொல்லும் செய்தி

இரும்பு, தண்ணீர், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் கறள். உப்பு சேர்ந்தால் அந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். காலி வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் வீடுகளிலும், கல்முனை, காத்தான்குடிப் பக்கத்திலும் வாகனம் வைத்திருப்போருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கறள், அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் கொப்புளிக்கிறது. அநேகமான இடங்களில் கறள் தொடங்குவது வெளிப்பக்கத்திலல்ல, உட்பக்கத்தில். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே தகரம் தின்று முடிந்திருக்கும். சுண்டுவிரல் நகமளவு கொப்புளத்துக்குப் பின்னால் உள்ளங்கையளவு ஓட்டை இருப்பது சாதாரணம்.

எங்கே தேட வேண்டும் என்பதைக் காரின் அமைப்பே சொல்லிவிடும். மொறிஸ் மைனருக்குத் தனியான செசி கிடையாது. பொடிதான் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே கதவுகளுக்குக் கீழே ஓடும் சில், நடுவில் குறுக்கே போகும் தாங்கியின் இரு முனைகள், பின் ஸ்பிரிங் பொருத்தப்பட்ட இடம் ஆகியவற்றில் கறள் பிடித்தால் அது அழகுப் பிரச்சினையல்ல, உயிர்ப் பிரச்சினை. முன் மட்கார்டின் பின்பகுதியில் சேறு தங்கும். அங்கேதான் எங்கள் சேரின் கார் பிடிபட்டது.

பீட்டலில் கதவுக்குக் கீழே செல்லும் சூட்டுக் காற்றுக் குழாய்ப் பெட்டிகளையும், பின் ஆசனத்துக்குக் கீழே பெற்றறி இருக்கும் தளத்தையும் பாருங்கள். பெற்றறி அமிலம் சிந்தித் தளமே விழுந்துபோன கார்களைக் கண்டிருக்கிறேன். ஒஸ்டின் ஏ40 டெவன், சமர்செட் போன்றவற்றுக்குத் தனிச் செசி உண்டு. பொடி போனாலும் கார் நிமிர்ந்து நிற்கும். அது வாங்குபவரை ஏமாற்றும்.

பரிசோதனைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்று போதும். புட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது. கதவைத் திறந்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், பிணைச்சல் தூண் இளகியிருந்தால் தெரியும். கார்ப்பட்டை உயர்த்தி ஈரம் பாருங்கள். சில்லின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக் கேளுங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், புட்டி மொத்தென்று ஒலிக்கும். ஒரு காரின் சில்லுக்குள் பத்திரிகைக் கடதாசியும் கம்பி வலையும் சீமெந்தும் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு மேல் பூசியிருந்த பெயின்ட் மிக அழகாக இருந்தது.

கறளை எடுக்கும் வழிகள்

முதல் வேலை தேய்ப்பதல்ல, கழுவுவது. நல்ல தண்ணீரால் உப்பையும் சேற்றையும் போக்கி, பிறகு எண்ணெய்ப் பிசுக்கையும் மெழுகையும் துடைத்தெடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் தேய்த்தால் பிசுக்கை நாமே தகரத்துக்குள் தேய்த்து ஏற்றுகிறோம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே மூக்குக்கு முறையான முகமூடி இல்லாமல் உலர்ந்த பெயின்டைக் கிரைண்டரால் பறக்கவிடாதீர்கள். கராஜில் வேலை பழகும் பையன்களின் நெஞ்சும் நமது பொறுப்புத்தான்.

கம்பி பிரஷும் கிரைண்டரும் மேலோட்டமான கறளுக்கு நல்லவை. ஆனால் கம்பி பிரஷில் ஒரு மோசம் உண்டு. குழிகளில் கிடக்கும் கறளை எடுக்காமல் அதை மெருகேற்றிவிடும். கண்ணுக்கு வெள்ளித் தகரம் போல் மினுங்கும், குழிக்குள் கறள் அப்படியே இருக்கும். பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும்.

மணல் வீச்சு வேகமானது, குழிகளுக்குள்ளும் போகும். ஆனால் கார்த் தகரம் சுமார் 1 மில்லிமீற்றர் தடிப்புத்தான். பொனட், கூரை, கதவு போன்ற பரந்த தகடுகளில் அதிக அழுத்தத்தில் வீசினால் துகள் அடித்த பக்கம் விரிந்து தகடு அலையாகிவிடும். பிறகு எந்தப் பாஸாலும் அதை இலகுவில் நேராக்க முடியாது. தடித்த பாகங்களுக்கும் அடிப்பகுதிக்கும் மட்டும் கார்னெட் போன்ற கடினத் துகளைப் பயன்படுத்தி, மெல்லிய தகடுகளுக்குக் குறைந்த அழுத்தத்தில் மென்மையான துகளோ கையால் தேய்ப்பதோ சிறந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று கடல் மணலைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள உப்பைத் தகரத்துக்குள் நாமே அறைந்து வைத்தவர்களாவோம். மணல் தூசி நுரையீரலைக் கெடுத்து சிலிகோசிஸ் என்ற நோயையும் தரும்.

கழற்றி எடுக்கக்கூடிய சிறு பாகங்களுக்கு ஊறவைக்கும் முறைகள் உள்ளன. சீனி ஆலைக் கழிவுப் பாகான மொலாசஸை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்து ஒன்றிலிருந்து மூன்று கிழமை ஊறவைத்தால் கறள் தானாகக் கரையும், நல்ல இரும்பு பெரிதாகப் பாதிக்கப்படாது. நாற்றத்தைச் சகிக்க வேண்டும். அலுமினியப் பாகங்களை அதில் போடக் கூடாது. மற்றொன்று மின் முறை. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பாகத்தைச் சார்ஜரின் மறை முனையிலும் கழிவு இரும்பை நேர் முனையிலும் இணைப்பது. இதில் ஐதரசன் வாயு வெளிவரும். ஆகவே திறந்த வெளியில், தீப்பொறிக்குத் தூரமாகச் செய்ய வேண்டும். நேர் முனைக்குத் துருப்பிடிக்காத உருக்கு வைக்கக் கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும்.

பொஸ்போரிக் அமிலம் கறளைக் கரைத்து, தகரத்தின் மேல் மெல்லிய பொஸ்பேற்றுப் படலத்தை விடும். ஆனால் அது தகரத்தில் காய்ந்துபோக விடாமல், நன்றாகக் கழுவி உடனே உலர்த்த வேண்டும். எஞ்சிய அமிலத்துக்கு மேல் எபொக்சி பூசினால் பிடிக்காது. ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சிலர் பாவிக்கிறார்கள். வேகம் உண்மைதான். ஆனால் மடிப்புகளுக்குள் புகுந்த அமிலத்தை யாராலும் முழுமையாகக் கழுவ முடியாது. அதிலுள்ள குளோரைட்டு உப்பைப் போலவே வேலை செய்து அடுத்த கறளை வளர்க்கும்.

கறளைக் கறுப்பாக மாற்றும் திரவங்கள் கடைகளில் விற்பனையாகின்றன. கடைக்கார நண்பர்கள் இதைச் சரியாகச் சொல்லி விற்க வேண்டும். குழிகளில் எஞ்சிய மெல்லிய கறளுக்கு அது உதவும். செதிலாகப் பெயரும் கறளுக்கு மேல் ஊற்றினால் செதிலின் மேற்பரப்பு மட்டுமே கறுக்கும், அடியில் ஒன்றும் நடக்காது.

கடைசியாக, ஓட்டை விழுந்த தகரத்துக்கு மருந்து கிடையாது. நல்ல தகரம் வரும்வரை வெட்டி, அதே தடிப்பில் புதுத் தகரம் அடித்து வெல்டிங் செய்வதுதான் ஒரே வழி. மெல்லிய தகரத்தை ஒரேயடியாக ஓட்டி வெல்டிங் செய்யாமல், இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்து ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் வளைந்துவிடும்.

பிரைமர்: யாரும் பார்க்காத வேலை

சுத்தம் செய்த தகரம் பச்சைக் குழந்தை போன்றது. நமது ஈரக் காற்றில் சில மணித்தியாலங்களுக்குள் மீண்டும் மஞ்சள் பூக்கத் தொடங்கும். வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பு விரல் அடையாளமாகப் பதிந்து, பிறகு அந்த இடமே கறளாகும். மணல் வீச்சுக்கு வெளியே கொடுப்பவர்கள் அன்றைக்கே எடுத்துவந்து அன்றைக்கே பிரைமர் அடிக்கும்படி நேரத்தைப் பேசிக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் மணல் வீசி, ஜும்ஆவும் வாரவிடுமுறையும் கழிந்து திங்கட்கிழமை பெயின்ட் அடிப்பது கறளுக்கு அழைப்பிதழ் கொடுப்பதாகும்.

எந்தப் பிரைமர்? நம்மவர்கள் அதிகம் நம்புவது சிவப்பு ரெட் ஒக்சைட்டை. அது மலிவு. ஆனால் சாதாரண ஒற்றைப் பிரைமர்கள் ஈரத்தை முழுமையாகத் தடுப்பதில்லை. ரெட் ஒக்சைட் அடித்து மழையில் நிறுத்திய காரில் பிரைமருக்கு அடியிலேயே கறள் ஓடும். தடிப்பாக அடித்துத் தேய்க்கும் டூ-கே பிரைமரும் அப்படித்தான், ஈரத்தை உறிஞ்சும். அது மட்டம் பார்ப்பதற்கு, காப்பதற்கல்ல.

வெறும் தகரத்துக்கு நான் நம்புவது இரண்டு பாகம் கலக்கும் எபொக்சி பிரைமரை. தகரத்தை நன்றாகப் பற்றிக்கொள்ளும், ஈரத்தை உள்ளே விடுவது மிகக் குறைவு. இரண்டு கோட் அடித்து, புட்டி தேவைப்பட்டால் அதற்கு மேல்தான் வைப்போம். தகரத்தில் நேராகப் புட்டி வைத்த காலம் முடிந்தது. இணைப்புகளுக்கான சீலரும் எபொக்சிக்கு மேலேயே போக வேண்டும். அமிலம் கலந்த எட்ச் பிரைமரும் தகரத்தைப் பிடிக்கும். ஆனால் அதற்கு மேல் புட்டி வைக்கக் கூடாது, உற்பத்தியாளரின் தாளில் அனுமதி இல்லாமல் எபொக்சியும் அடிக்கக் கூடாது. இரண்டு கம்பனிகளின் டின்களைக் கலந்து மிச்சம் பிடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். வெல்டிங் செய்யும் மடிப்புகளுக்குள் நாகம் கலந்த பிரைமர் பூசலாம். நாகம் தன்னை அழித்து இரும்பைக் காக்கும். ஆனால் அது வெறும் இரும்பைத் தொட்டால்தான் அந்த வேலை நடக்கும். கறளுக்கோ பழைய பெயின்டுக்கோ மேல் பூசினால் காசு வீண்.

அடுத்தது காலநிலை. சாரீரப்பதன் 85 வீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்காதீர்கள். தகரத்தின் வெப்பநிலை, பனிபடும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் தொழிலின் பொதுவிதி. சுபஹுக்குப் பின் குளிர்ந்திருக்கும் தகரத்திலும், மழை விட்ட கையோடும் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்துக்கு மேல்தான் பிரைமர் விழுகிறது. கொம்ப்ரசர் தொட்டியின் தண்ணீரை நாளாந்தம் திறந்துவிட்டு, குழாயில் ஈரவடிகட்டி பொருத்துவதும் கட்டாயம். அதிக விலை எபொக்சியை வாங்கி, கொம்ப்ரசர் தண்ணீரோடு சேர்த்து அடித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

டூ-கே பெயின்டுகளின் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற்று ஆஸ்துமாவைத் தரக்கூடியது. சாதாரணத் துணி முகமூடியால் அதைத் தடுக்க முடியாது. சுத்தமான காற்றுக் குழாயுடன் வரும் முகமூடிதான் பாதுகாப்பு. விலை அதிகம்தான், பாஸின் மூச்சைவிட அதிகமில்லை.

வெளிப்பக்கம் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சில், கதவு போன்ற மூடிய பெட்டிகளுக்குள், பெயின்ட் காய்ந்த பின்னர், நீண்ட குழாயால் மெழுகுத் திரவம் அடிக்க வேண்டும். தண்ணீர் வடியும் துவாரங்களைத் திறந்தே வைக்க வேண்டும். அந்தத் துவாரத்தைப் புட்டியால் அடைத்துவிட்டால் மற்ற எல்லா வேலையும் வீண்.

விலை சொல்வது எப்படி?

இந்தத் தொழிலில் நான் காசு இழந்தது பெரும்பாலும் விலை சொன்ன இடத்தில்தான். வாடிக்கையாளர் காரைக் காட்டுவார். நாம் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வோம். திறந்து பார்த்தால் வேலை மூன்று மடங்கு. அப்போது இரண்டே வழிதான். சொன்ன விலைக்குள் வேலையைக் குறைத்துப் புட்டியால் மூடுவது, அல்லது சண்டை பிடித்துக் காசு கேட்பது. மோசடி செய்ய வேண்டும் என்று யாரும் கராஜ் திறப்பதில்லை. பார்க்காமல் சொன்ன விலைதான் அநேகரை அங்கே தள்ளுகிறது.

இன்னதென்று தெரியாததை விற்பதை மார்க்கத்தில் கரர் என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று இரு தரப்புக்கும் தெரியாத ஒரு பொடிக்கு ஒரே தொகை பேசுவதை நான் அந்த வகையிலேயே பார்க்கிறேன். ஆகவே இப்போது மூன்று படியாகச் செய்கிறோம்.

முதலில் ஒரு சிறு பரிசோதனைக் கட்டணம். சந்தேகமான இடங்களில் பெயின்டையும் புட்டியையும் எடுத்து, உள்ளிருப்பதை வாடிக்கையாளருக்குக் காட்டுவது. இரண்டாவது, ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக எழுத்தில் மதிப்பீடு. எல்லோராலும் முழு வேலைக்கும் ஒரேயடியாகச் செலவழிக்க முடியாது. ஆகவே பாரம் தாங்கும் பாகங்களை முதலிலும் அழகு வேலையைப் பிறகும் எனப் பிரித்துக் கொடுக்கிறோம். மூன்றாவது, வெட்டியது, வெல்டிங் செய்தது, எபொக்சி அடித்தது, மெழுகு அடித்தது என ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவது. பூசி மூடிய பின் யாராலும் பார்க்க முடியாத வேலைக்கு அந்தப் படம்தான் சாட்சி. காரை விற்கும்போது அந்தப் படங்களைக் காட்டி நல்ல விலை எடுத்தவர்களும் உண்டு.

உத்தரவாதத்தை, திறந்து செய்த இடத்துக்கு மட்டும் எழுதிக் கொடுக்கிறோம். "காசு இல்லை, மேலால் மட்டும் பூசித் தாருங்கள்" என்று கேட்பவர்களுக்கும் செய்கிறோம். ஆனால் உள்ளே கறள் இருக்கிறது என்றும், திரும்ப வரும் என்றும் பில்லில் எழுதிக் கையொப்பம் வாங்குகிறோம்.

ஒரு வேலையை மட்டும் நிறுத்திவிட்டோம். "விற்பதற்கு மட்டும் பூசித் தாருங்கள்" என்று வரும் வாகன வியாபாரிகளின் வேலை. மாதத்துக்கு மூன்று நான்கு கார் கொண்டுவந்த இருவர் அதோடு வேறு கராஜுக்குப் போய்விட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அதன் தாக்கம் கணக்குப் புத்தகத்தில் தெரிந்தது. அதை மறைத்து, நேர்மையாக இருந்தால் உடனே இலாபம் கொட்டும் என்று எழுத நான் விரும்பவில்லை.

மேலே வைக்க வேண்டிய ஈரம்

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த வியாபாரியை விசாரித்த சம்பவம் நாம் ஜும்ஆக்களில் பலமுறை கேட்டதுதான். மழை பட்டுவிட்டது என்று அவர் சொன்னார். அது பொய்யல்ல. மழை பட்டது அவரது குற்றமும் அல்ல. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காமல் அடியில் வைத்ததுதான் குற்றம். இந்த ஹதீஸை எத்தனையோ தடவை கேட்டும், "கடல் காத்துக்கு இப்படித்தான் சேர்" என்று நான் சொன்னதும் அதே பதில்தான் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது.

விளங்கிய பின் சேரின் வீட்டைத் தேடிப் போனேன். முற்றத்தில் கார் இல்லை.

"வித்துட்டேன் தம்பி" என்றார். "வாங்க வந்த புள்ளைக்கு அந்த மட்கார்டைக் காட்டினேன். உள்ளுக்குக் கறள் ஈக்கிது, மேலால புட்டி போட்டிருக்கு என்று சொன்னேன். நாப்பதாயிரம் குறைச்சுக் கேட்டார். குடுத்துட்டேன்."

நான் அடியில் வைத்த ஈரத்தை அவர் எடுத்து மேலே வைத்திருக்கிறார். அதற்கான நஷ்டத்தையும் அவரே சுமந்திருக்கிறார்.

"அண்டைக்கு நீங்க கேட்டீங்களே சேர், எனக்குத் தெரியும்தான்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த நாள் நாற்பதாயிரத்தையும், பெருநாள் வேலைக்கு வாங்கிய கூலியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்வார், மன்னித்துவிட்டேன் என்று திருப்பித் தருவார் என்றெல்லாம் மனதுக்குள் எதிர்பார்த்தேன். அவர் ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, உள்ளே திரும்பி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெளியே வந்தபோது இருந்த நிம்மதி, இத்தனை வருடத்தில் எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கூலி வாங்கும் நேரத்தை விட, கேள்வி கேட்கப்படும் நேரத்தில் நாம் என்ன சொல்லப்போகிறோம் என்பதை நினைத்து வேலை செய்வோம். அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கல்களில் பரகத் செய்வானாக.